ஐந்து மில்லிசெக்கன் தவணை

புத்தளம் நகருக்கு அருகே சிறாம்பியடியில் ஒரு சிறிய சமூகம் வாழ்கிறது. போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஐரோப்பியர் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மக்களின் வழிவந்தவர்கள். ‘மஞ்ஞா’ என்று அவர்கள் பாடும் பாட்டின் சொற்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைச் சேர்ந்தவை. அந்த மொழி அவர்களின் அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது, பாட்டில் தங்கியிருக்கிறது. றபான், தோலக், தேங்காய்ச் சிரட்டை, போத்தலில் தட்டும் கரண்டி எல்லாம் சேர்ந்து மெல்லத் தொடங்கும். போகப் போக வேகம் ஏறும். இதே வழியில் வந்த கபிரிஞ்ஞா என்ற இசையின் ஆறெட்டு நடையை எடுத்துத்தான் 1940களில் வொலி பாஸ்டியன் பைலாவை இலங்கை முழுக்கப் பாட வைத்தார்.

தெற்கே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் உடப்பு. தமிழ் மீனவர் ஊர். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குப் பெயர்பெற்றது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் அந்த ஊருக்குச் சொந்தம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வலை கனத்தால் பாட்டும் கனக்கும், தளர்ந்தால் துள்ளும். இலங்கைக் கரைகளில் கயிற்றை உழவு இயந்திரம் சுற்றி இழுக்கத் தொடங்கிய இடங்களில் அம்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. பல கைகள் ஒரே நேரத்தில் இழுப்பதற்காகப் பிறந்த பாட்டு அது. கைகள் போனால் அதுவும் போய்விடும்.

இந்த இரண்டையும் இந்தக் கரையிலேயே, வீட்டில் கிடக்கும் சாதாரண லப்டொப்பில், வானொலியில் போடக்கூடிய தரத்தில் பதிவு செய்யலாம். ஆனால் இங்கே இசை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது வேறு: “நானா, எட்டு ஜீபி காணுமா? பதினாறு போடணுமா?” அவர்கள் கண்முன் நிற்பது சினிமா இசையமைப்பாளர்களின் திரை. நூற்றுக்கணக்கான தடங்கள், முழு வாத்தியக் குழுவையும் சுரம் சுரமாகப் பதிந்து அடைத்த நூலகங்கள், பல கொம்பியூட்டர்களை ஒன்றாகப் பிணைத்த அறைகள். அதைப் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் காசில்லாமல் இது நடக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அது தவறான கணக்கில் பிறந்தது. சரியான கணக்கைப் போட, ஒலி கொம்பியூட்டருக்குள் போய்வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

மைக்கில் விழும் குரலை ஒலி அட்டை செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஒவ்வொரு அளவையும் ஒரு மாதிரி என்கிறோம். கொம்பியூட்டர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு கட்டு சேரும்வரை பொறுத்து, மொத்தமாக எடுத்து, வேலையை முடித்து, மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கட்டுக்குத்தான் பஃபர் என்று பெயர். ஒரு கட்டில் 256 மாதிரிகள் என்று வைத்தால், 256ஐ 48,000ஆல் வகுக்க 5.3 மில்லிசெக்கன் வரும். அந்த 5.3 மில்லிசெக்கனுக்குள் எல்லாத் தடங்களையும் கூட்டி, எதிரொலி போன்ற எல்லா விளைவுகளையும் சேர்த்து, அடுத்த கட்டைக் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுத்த உடனே அடுத்த தவணை தொடங்கிவிடும். பாட்டு முடியும்வரை செக்கனுக்கு நூற்றெண்பத்தேழு தவணைகள்.

ஒரு தவணை தவறினால் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு. இரண்டு மூன்று தொடர்ந்து தவறினால் பாட்டு கிழிகிறது. கரையில் நிற்கும் மீன் லொறி போலத்தான் இது: விடியற்காலை குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும், கடலில் எவ்வளவு வேகமாக வந்த படகானாலும் லொறி போனபின் வந்தால் அன்றைய மீன் சந்தைக்குப் போகாது. வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவருடைய இறுதிக் கோப்பு இரவு முழுக்க ஓடி விடியலில் முடிந்தாலும் படம் அதே படம்தான். இசை மென்பொருளுக்கு முதலில் வேண்டியது நேரம் தவறாத கொம்பியூட்டர். வேகம் அதற்கு அடுத்தது.

நேரம் தவற வைப்பவை பெரும்பாலும் இசையோடு தொடர்பில்லாதவை. வைஃபை கருவியின் இயக்கி சில மில்லிசெக்கன் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். பின்னால் தானாக இறங்கும் விண்டோஸ் புதுப்பிப்பு, வைரஸ் தேடும் மென்பொருள், திறந்தே கிடக்கும் பிரவுசர் எல்லாம் அப்படித்தான். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்து, மற்றதை மூடினாலே ‘இந்த லப்டொப் சரிவராது’ என்று ஒதுக்கி வைத்தவற்றில் பாதி சரிவந்துவிடும். விண்டோஸின் பொதுவான ஒலிப்பாதையைத் தவிர்த்து மென்பொருளும் ஒலி அட்டையும் நேராகப் பேசிக்கொள்ள 1997இல் ஸ்டெய்ன்பேர்க் நிறுவனம் ஏசியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. அது இல்லாத மலிவு அட்டைகளுக்கு இலவசமாகவே ஒரு பொது இயக்கி கிடைக்கிறது. இவை எதற்கும் ஒரு சதமும் செலவில்லை.

கட்டைச் சின்னதாக்கினால் தவணை குறுகும், இயந்திரம் திணறும். பெரிதாக்கினால் இயந்திரம் மூச்சு விடும், ஆனால் ஒலி தாமதமாகத் திரும்பும். 1024 மாதிரிகள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெக்கன். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று கூட்டினால் நாற்பதைத் தாண்டும். இந்தத் தாமதத்தைக் கேட்டுப் பயந்துதான் பலர் விலை கூடிய இயந்திரத்தைத் தேடுகிறார்கள். காற்றிலும் ஒலி தாமதிக்கத்தான் செய்கிறது. நம் வெப்பத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகிறது. பத்து மில்லிசெக்கனில் மூன்றரை மீற்றர். கரைவலைக் கயிற்றில் இருபது மீற்றர் தள்ளி நிற்பவரின் காதுக்கு அம்பாவின் அடி 57 மில்லிசெக்கன் கழித்தே சேரும். அவர் காதோடு கையிலும் கேட்கிறார், கயிறு அவருக்குத் தாளம் சொல்கிறது.

ஆகவே தாமதம் எப்போது தொல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசைப்பலகையை அழுத்தி, கொம்பியூட்டருக்குள் இருக்கும் பியானோவை அந்தக் கணமே வாசிக்கும்போது தொல்லை. அங்கே பத்து மில்லிசெக்கனைத் தாண்டினால் விரல் தடுமாறும். பாடகர் மைக்கில் பாடும்போது தொல்லை இல்லை. ஓரளவு நல்ல எந்த ஒலி அட்டையிலும் பாடகரின் குரலைக் கொம்பியூட்டருக்குள் அனுப்பாமலே அவர் ஹெட்போனுக்குத் திருப்பும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு பஃபரை 1024இல் வைத்துக்கொள்ளலாம். மஞ்ஞாவுக்கும் அம்பாவுக்கும் ஹெட்போனே தேவையில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து, ஒன்றாக நின்று பாடுகிற பாட்டு அது. பத்து வருடப் பழைய லப்டொப்பும் இந்த வேலையில் வியர்க்காது.

அந்தப் பாட்டுக்கு மென்பொருளின் ‘கிளிக்’ தாளத்தையும் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வேகம் ஏறிக்கொண்டே போவதுதான் மஞ்ஞாவின் உயிர். அதைச் சமமான கட்டங்களுக்குள் இழுத்து நீட்டிச் சுருக்கும் கணக்கு கொம்பியூட்டருக்கும் பாரம், பாட்டுக்கும் காயம்.

பாரம் எப்படி வீட்டுக் கொம்பியூட்டரின் தலையில் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கொம்பியூட்டரில், வாத்தியங்களுக்குக் கட்டளை அனுப்பும் மிடி இணைப்பு கூடவே பிறந்தது. 1989இல் கியூபேஸ் என்ற இசை மென்பொருள் அதில்தான் ஓடியது. அதன் நினைவகம் ஒரு மெகாபைட் அளவு. இன்றைய தரத்தில் எட்டு செக்கன் குரலைக்கூட அதில் பிடிக்க முடியாது. ஆனாலும் அதை வைத்து முழுப் பாடல்கள் செய்தார்கள். ஒலி வெளியே தனித்தனிப் பெட்டிகளில் பிறந்தது. கொம்பியூட்டர் ‘இந்தச் சுரத்தை இப்போது அழுத்து’ என்று கட்டளை மட்டும் அனுப்பியது. 1996இல் ஸ்டெய்ன்பேர்க்கின் விஎஸ்டி என்ற முறை, எதிரொலிப் பெட்டி போன்ற கருவிகளை மென்பொருளாக்கிக் கொம்பியூட்டருக்குள் வைத்தது. 1999இல் வாத்தியங்களும் உள்ளே வந்தன. ஒரு ஸ்டூடியோ அறையே ஒரு பெட்டிக்குள் வந்த மகிழ்ச்சி பெரியதுதான். அந்த அறையின் மொத்த வேலையும் ஒரே புரொசசர் சில்லின் மேல் விழுந்ததும் அன்றிலிருந்துதான்.

விளைவுகளில் எதை எடுக்கிறோம் என்பதில் வேலை ஆயிரம் மடங்கு கூடவும் குறையவும் செய்யும். எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். தலவில புனித அன்னம்மாள் ஆலயம் போன்ற பெரிய ஆலயத்துக்குள் ஒரு பலூனை உடைத்து, அது ஓயும்வரை பதிந்து வைத்தால், எந்தக் குரலையும் அந்த ஆலயத்துக்குள் பாடியது போல ஆக்கலாம். வழி எளிது: குரலின் ஒவ்வொரு மாதிரியையும் பதிவின் ஒவ்வொரு மாதிரியோடும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எதிரொலி இரண்டு செக்கன் நீண்டால் 96,000 மாதிரிகள். அதைச் செக்கனுக்கு 48,000 தடவை செய்தால் 460 கோடிப் பெருக்கல், ஒரே ஒரு தடத்துக்கு. இது ஓடுவதற்குக் காரணம் 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்றம். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துவிட்டால் அந்தப் பெருக்கல்கள் பல பத்து மடங்கு சுருங்கிவிடும். அப்படியும் இது பாரமான வேலைதான்.

இதற்கும் முன்பே, 1960களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் வேறு வழி கண்டார். ஒலியைச் சில தாமதச் சுற்றுகளுக்குள் விட்டு மீண்டும் மீண்டும் சுழலவிட்டால், மாதிரி ஒன்றுக்குச் சில பத்துக் கணக்குகளிலேயே அறையின் சாயல் வந்துவிடும். பழைய லப்டொப்பில் ஷ்ரோடர் வழி எதிரொலியைப் போட்டு வேலை செய்து, முடிவில் மட்டும் ஆலயத்தின் எதிரொலியை மாற்றிப் போடலாம். எல்லாத் தடத்துக்கும் தனித்தனியாகப் போடாமல், ஒரே ஒரு எதிரொலியை வைத்து எல்லாக் குரலையும் அதற்குள் அளவாக அனுப்புவதும் பாரத்தைப் பெரிதும் குறைக்கும். ஒரே இடத்தில் நின்று பாடியவர்கள் ஒரே இடத்தில் நின்று பாடியது போலவே கேட்பார்கள் என்பது இதன் கூடுதல் நன்மை.

எட்டுக் கரு (கோர்), பன்னிரண்டு கரு என்று விளம்பரம் செய்யும் சில்லுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தடங்களைக் கருக்களுக்கிடையில் பகிரலாம். ஆனால் ஒரு தடத்தில் வரிசையாகப் போட்ட விளைவுகளைப் பகிர முடியாது. முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கலாம். எல்லாம் வந்து சேரும் இறுதித் தடமும் அப்படியே. ஆகவே கருக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கருவின் வேகத்தைப் பார்ப்பது நல்லது.

திணறல் வந்தால் ‘ஃபிரீஸ்’ என்ற பொத்தான் இருக்கிறது. விளைவுகளோடு தடத்தை ஒருமுறை ஒலியாகவே எழுதி வைத்துவிட்டு, அந்தக் கணக்குகளை நிறுத்திவிடும். யோசனை பழையதுதான். 1967இல் வெளிவந்த பீட்டில்ஸின் சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டு அபே ரோட்டில் நான்கு தட இயந்திரங்களில் செய்யப்பட்டது. நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஒரு தடத்தில் இறக்கி, காலியான இடத்தில் மேலும் பதிந்தார்கள். இறக்கியபின் மாற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு முடிவையும் அங்கேயே எடுத்தார்கள். வரம்பு அவர்களைக் கூர்மையாக்கியது என்றே நான் நம்புகிறேன். இன்று ஃபிரீஸ் செய்ததைப் பின்னர் அவிழ்க்கவும் முடிகிறது.

நினைவகக் கேள்விக்கு வருவோம். பதிந்த வாத்திய நூலகம் ஒன்றில் ஒவ்வொரு சுரமும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று பல தடவை பதியப்பட்டிருக்கும். ஒரு பியானோ மட்டும் பல ஜீபி ஆகும். முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற முடியாதென்பதால், 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத் துண்டை மட்டும் நினைவகத்தில் வைத்து, மிச்சத்தை அழுத்திய பிறகு ஹார்ட்டிஸ்கிலிருந்து இழுத்தது. இன்றும் அதே முறைதான். சுழலும் ஹார்ட்டிஸ்க் ஒரு இடத்தைத் தேடிப் போய்ச் சேர பத்து மில்லிசெக்கன் அளவு எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பழைய லப்டொப்பில் காசைப் போடுவதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், அதன் பின் எட்டு ஜீபி வரை நினைவகத்துக்கு. வெறும் குரல் பதிவென்றால் அதுவும் அவசரமில்லை: எட்டு மைக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் செக்கனுக்கு 1.2 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பழைய ஹார்ட்டிஸ்கும் அதைப் போல பல பத்து மடங்கு எழுதும்.

96,000, 192,000 என்று மாதிரி வேகத்தைக் கூட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மனிதக் காது எட்டும் உச்சம் 20,000 ஹேர்ட்ஸ். அதன் இரு மடங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் காலத்துக் கணிதம். 48,000 அதற்குத் தாராளம். 96,000இல் தவணை பாதியாகும், இடமும் கணக்கும் இரட்டிப்பாகும். ஆனால் ஒவ்வொரு மாதிரியையும் நுணுக்கமாக அளக்கும் 24 பிட் ஆழத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அம்பா எடுத்துக் கொடுப்பவர் திடீரென்று குரல் உயர்த்துவார். 24 பிட்டில் உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே நிறுத்திப் பதிந்தால் குரல் உடையாது, மெல்லிய அடிகளும் இரைச்சலுக்குள் மூழ்காது.

நம் கரைக்கென்று சில சிக்கல்கள் உண்டு, அவற்றை வெளிநாட்டுப் பாடக் காணொளிகள் சொல்வதில்லை. வெப்பம் முதலாவது. சில்லு சூடேறினால் தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பத்து நிமிடம் நன்றாக ஓடிய பாட்டு பதினோராவது நிமிடத்தில் கிழியும். உள்ளே படிந்த தூசைத் துப்புரவாக்கி, சில்லின் மேலுள்ள காய்ந்த பசையைப் புதுப்பிப்பது, புது லப்டொப் வாங்கும் செலவில் ஒரு சிறு துளிதான். அடுத்தது சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் எல்லாவற்றிலும் ஒட்டும் உப்பு. அது யூஎஸ்பி வாய்களை அரித்துவிடும், தளர்ந்த தொடர்பும் ஒலியில் வெடிப்பாகவே வரும். வேலை முடிந்ததும் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும்.

மைக்கிலும் இதே கவனம். கண்டென்சர் மைக்கில் மின்னூட்டிய மெல்லிய தகடு இன்னொரு தகட்டுக்கு மிக அருகில் நிற்கும். ஈரம் புகுந்தால் மின்னூட்டம் கசிந்து பொரிபொரி என்று சத்தமிடும். காந்தத்துக்குள் சுருள் அசையும் டைனமிக் மைக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்பதற்கு இந்த உறுதி ஒரு காரணம். கடற்கரையில் பதிய டைனமிக் மைக்கும் ஒரு நல்ல பஞ்சு உறையும் போதும். காற்றின் உறுமலில் மிஞ்சுவதை 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

பிறகு மின்சாரம். நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாட். நாட்டின் மிகப்பெரியது, நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆனாலும் 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாமும் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறில் நாடே இருண்டபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. மேசைக் கொம்பியூட்டரில் பதிகிறவர் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. லப்டொப்புக்குப் பற்றரியே காவல். நில இணைப்பு சரியில்லாத வீடுகளில் சார்ஜர் வழியாக வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் பற்றரியில் பதிந்தால் போய்விடும். ஒரு கவனம்: பற்றரியில் ஓடும்போது விண்டோஸ் சில்லின் வேகத்தைக் குறைக்கும். மின் அமைப்பில் உயர்ந்த செயல்திறனைத் தெரிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மென்பொருளுக்கு எவ்வளவு? ரீப்பர் என்ற மென்பொருளின் சலுகை உரிமம் 60 டொலர். டொலர் இருநூறு ரூபாயாக இருந்தபோது அது 12,000 ரூபாய். 2022 நெருக்கடியில் 360ஐத் தொட்டபோது 21,600. மென்பொருள் மாறவில்லை, நம் பணம் மாறியது. அறுபது நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். பழைய இயந்திரங்களிலும் அது இலேசாக ஓடும். அதற்கும் காசில்லையா, ஓடாசிட்டி இலவசம். லினக்ஸ் போட்டவர்களுக்கு ஆர்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்து, விண்டோஸ் 11 ஏற்காத லப்டொப்கள் பல வீடுகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸைப் போட்டு, அல்லது இணையத்தைத் துண்டித்துவிட்டு, பதிவுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளைத் தொடாதீர்கள். அவற்றோடு வரும் தீநிரல் பதிவுகளையே பூட்டிவிட்டுப் பணம் கேட்கக்கூடும், அந்தப் பதிவில் இருப்பவர் மீண்டும் பாடக் கிடைக்காமல் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் கையில் காசு மிஞ்சினால் அதைப் போக்குவரத்துக்கும் பாடுபவர்களின் அன்றைய கூலிக்கும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கயிற்றில் நிற்க வேண்டியவரை நமக்காக நிறுத்திப் பாடச் சொல்லும்போது அவருடைய வலைப் பங்கு குறைகிறது. 48,000, 24 பிட், இரண்டு தடம் என்றால் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய ஒரு ஜீபி. அதைச் சுருக்காமல் வேவ் கோப்பாக இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வைத்து, ஒன்றைக் கடலுக்குத் தூரமான உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். பாடியவர் பெயர், ஊர், திகதி, எந்த வேலைக்கான பாட்டு, வெளியிட அவர் தந்த சம்மதம் எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் சொல்ல வைப்பது நல்லது. காகிதம் தொலைந்தாலும் அது கோப்போடேயே இருக்கும். மேற்குக் கரையில் கரைவலைக் காலம் சோளகம் ஓய்ந்த பின் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். அதற்கு முன்பே லப்டொப்பைத் துப்புரவாக்கி, வைஃபையை அணைத்து, பஃபரை 1024இல் வைத்து வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிந்து பார்த்துவிட்டால், கரையில் அதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்காது.